ஆற்றுப்படை பெறாத பாணர்

1

யாழ்ப்பாணம் என்னும் பெயர் எவ்வாறு வந்தது என்று கேட்டால், கண்பார்வையற்ற பாணன் ஒருவன் அரசன் முன்னிலையில் யாழ் வாசித்து, மணற்றிடரைப் பரிசிலாகப் பெற்ற கதையை எமது பாடசாலைப் பிள்ளைகள் தயக்கமின்றிச் சொல்லுவர். அக்கதை வரலாறாகுமா என்பது ஆராய்ச்சியாளர் தீர்க்கவேண்டிய வழக்கு. எமக்கு இங்கு வேண்டியது வேறொன்று. ஒரு சமூகம் தனது ஊர்ப்பெயருக்குக் காரணம் கற்பிக்க முற்பட்டபோது, வீரனையோ வணிகனையோ முனிவனையோ நாடாது, வாசித்துப் பிழைத்த தொழிற்கலைஞன் ஒருவனை நாடியது. அவனுடைய வாசிப்புக்கு நிலம் ஊதியமாகக் கொடுக்கப்பட்டது என்றும் அது நம்பியது. இசை ஓர் உழைப்பு. உழைப்புக்கு ஊதியம் உண்டு. இவ்விரண்டும் அக்கதையின் உட்பொருள் எனலாம்.

பழந்தமிழ் இலக்கியமும் இவ்வுண்மையை மறைத்ததில்லை. சிறுபாணாற்றுப்படையைக் கற்பித்த ஆசிரியர் எவரும் அதில் வரும் அடுக்களையை மறந்திருக்க முடியாது. பாலற்ற முலையைக் குட்டிகள் கவர்வதைப் பொறாது ஈன்ற நாய் குரைக்கும் அடுக்களை. கறையான் ஏறிக் காளான் பூத்த அடுக்களை. குப்பையிற் கொய்த வேளைக்கீரையை உப்பின்றி அவித்து, அயலார் காணாதவாறு கதவை அடைத்துவிட்டுப் பாணன் குடும்பம் உண்ணும் அடுக்களை. நத்தத்தனார் நல்லியக்கோடனின் கொடையைப் புகழவந்த புலவரே. ஆயினும் யாழின் நரம்பைப் பாடிய அதே நூலில், யாழ் வாசிப்பவனின் வயிற்றையும் அவர் பாடினார். பசியைச் சொல்லாமற் பரிசிலைச் சொல்லுதல் இயலாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இன்று எம்மிடையே வாழும் பாணர் யார்? கோயில் வீதிகளிலும் மணப்பந்தல்களிலும் நாதசுரமும் தவிலும் வாசித்து வாழும் மேளக்கலைஞரே அவர். எழுதிவைத்த தாளைப் பார்த்து வாசிப்பவரல்லர். அவ்விடத்தில், அக்கணத்தில், கற்பனையினாற் படைப்பவர். அவரைப் பற்றி எமது பத்திரிகைகள் எழுதியவை சிலவல்ல. பொன்னாடை போர்த்திய செய்திகள், பட்டமளிப்பு விழா மலர்கள், நினைவஞ்சலிகள் எனக் குவிந்துகிடக்கின்றன. அவற்றைப் படித்துப்பார்ப்போமாயின், ஏறக்குறைய எல்லாவற்றிலும் இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப வரக்காண்போம். ஒன்று ‘தெய்வீகம்’, மற்றது ‘இறையருள்’. கலைஞன் எத்தனை மணிநேரம் நின்று வாசித்தான், எங்கே உண்டான், எவ்வளவு பெற்றான், மழைக்காலத்தில் எதனால் வாழ்ந்தான் என்னும் செய்திகள் அவற்றில் இல்லை. கலையை வானத்துக்கு ஏற்றிய விமர்சனம், கலைஞனைத் தரையிலேயே விட்டுவிட்டது. பழைய பாணனுக்கு ஓர் ஆற்றுப்படையேனும் கிடைத்தது. இன்றைய பாணனுக்கு அதுவுமில்லை.

இக்குறையை எடுத்துக்காட்டுவதும், அது எவ்வாறு நேர்ந்தது என்று ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

ஆனி மாதத்தில், நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத் திருவிழாக் காலத்திற் குறிகட்டுவான் இறங்குதுறைக்குச் செல்பவர் ஒரு காட்சியைக் காணலாம். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணையும் புங்குடுதீவும் தாண்டி வந்துநிற்கும் வாகனத்திலிருந்து, உறையிட்ட தவில்களை மார்போடணைத்தபடி சிலர் இறங்குவர். நாதசுரங்கள் நீண்ட பைகளுள் இருக்கும். அடியார் கூட்டத்தோடு கூட்டமாக அவர்களும் படகுக்குக் காத்திருப்பர். தீவகத்து ஆலயங்களில் வாசிக்கும் மேளக்கலைஞரிற் பெரும்பாலோர் இவ்வாறு இணுவில், அளவெட்டி முதலிய குடாநாட்டு ஊர்களிலிருந்து கடல் கடந்து வருபவரே. நயினாதீவுக்குக் கடற்பயணம் குறுகியது. நெடுந்தீவுக்கோ, அதே துறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரம் அலைமீது செல்லவேண்டும். உப்புக்காற்றின் ஈரத்தில் தவிலின் தோல் தளரும். பலாமரத்திற் குடைந்த அக்கருவியின் பாரத்தை ஒரு தோள்வாரில் தாங்கி, இரவு முழுதும் நின்று வாசிக்கப்போகிறவர் படகில் அதனைத் தமது மடியில் வைத்துக் குழந்தையைப்போற் காத்துக்கொண்டிருப்பார்.

ஆலய வீதியில் அவர் செய்யும் வேலை யாது? சுவாமி வசந்த மண்டபத்தினின்று புறப்படும்போது மல்லாரி தொடங்கும். உள்வீதி சுற்றி வெளிவீதிக்கு வந்ததும் நாதசுரக்காரர் ஓர் இராகத்தை எடுத்துக்கொள்வார். எவ்வளவு நேரம் ஆலாபனை செய்வது? அதனை அவர் தீர்மானிப்பதில்லை. சுவாமி காவுவோரின் தோள் தீர்மானிக்கும். அர்ச்சனைத் தட்டுகளின் தொகை தீர்மானிக்கும். அடுத்த மூலையிற் காத்துநிற்கும் அடியாரின் நெருக்கம் தீர்மானிக்கும். ஐயரின் கையசைவைக் கடைக்கண்ணாற் பார்த்துக்கொண்டே, இன்னும் இரண்டு நிமிடமா இருபது நிமிடமா என்று அறியாத நிலையில், ஒவ்வொரு சொற்றொடரையும் எப்போது வேண்டுமாயினும் முடிக்கத்தக்கதாகவும், எவ்வளவு வேண்டுமாயினும் வளர்க்கத்தக்கதாகவும் அவர் அமைக்கவேண்டும். சபா மேடையில் இரண்டு மணிநேரக் கச்சேரியைத் திட்டமிட்டு வரும் பாடகருக்கு இந்நெருக்கடி இல்லை. மனோதர்மம் என்று நாம் வியந்து கூறும் ஆற்றலின் ஒரு பகுதி இத்தொழில் நிலைமையிலேயே உருவானது.

சுவாமி ஓரிடத்தில் நிலைகொண்டதும் ‘சமா’ தொடங்கும். யாழ்ப்பாணத்து இரசிகர் கூடுவது இதற்காகவே. அன்றைய திருவிழாவுக்குரிய உபயகாரர் இரண்டு மூன்று செற் மேளங்களை அழைத்திருப்பாராயின், தவிற்காரர் எதிரெதிரே நின்று மாறிமாறி வாசிப்பர். ஆதிதாளத்தின் எட்டு எண்ணிக்கையை நான்கு நான்காக நடத்தினால் ஓர் ஆவர்த்தனத்துக்கு முப்பத்திரண்டு அட்சரம் வரும். ஐந்தைந்தாக நடத்தினால் நாற்பது வரும். ஒருவர் நான்கில் வைத்த கணக்கை மற்றவர் வாங்கி, நடையை மாற்றி, ஐந்திலோ ஏழிலோ ஓடவிட்டு, தாளம் தவறாமற் சமத்தில் வந்து நிற்பார். எதிரில் நிற்பவர் என்ன செய்வார் என்பது இவருக்குத் தெரியாது. இவர் எங்கே முடிப்பார் என்பது சூழ்ந்துநிற்கும் கமக்காரனுக்கும் மீனவனுக்கும் கடைச்சிப்பந்திக்கும் தெரியாது. ஆனால் முடிந்த கணத்தில் அத்தனை தலைகளும் ஒன்றாக அசையும். சங்கீத சாத்திரம் ஒரு வரியும் படியாத மக்கள், கணக்கின் நுட்பத்தை உடலால் அறியும் அந்தக் கணம், எமது பண்பாட்டின் மிக உயர்ந்த கணங்களுள் ஒன்று என்று கூறுதல் மிகையாகாது.

இதனை இறையருள் என்று சொல்லி முடித்துவிடுதல் எளிது. அருளுக்குப் பின்னால் நிற்பது என்ன? விரற்கூடுகளை அணியுமுன்னரே வெறுங்கையினாற் பலகையிற் சொற்கட்டுகளைத் தட்டிப் பழகிய இளமை. குருவின் வீட்டில் வேலைசெய்துகொண்டே கேட்டுக் கேட்டு நிரப்பிக்கொண்ட நினைவு. நாள்தோறும் செய்த சாதகம். வீதியில் நின்று ஒரு நொடியிற் படைக்கும் ஆற்றல் பத்தாண்டு உழைப்பின் சேமிப்பு. தச்சனின் கையிலும் கடலோடியின் கண்ணிலும் எந்தச் சேமிப்பு உண்டோ, அந்தச் சேமிப்பே தவிற்காரரின் விரலிலும் உண்டு.

3

இவ்விடத்தில் எமது முற்போக்கு விமர்சனத்தையும் நாம் விசாரணைக்கு உட்படுத்தல் வேண்டும். கலை கலைக்காகவே என்னும் கூட்டத்தாரை மட்டும் குற்றஞ்சாட்டித் தப்பிக்கொள்வது நேர்மையாகாது.

பேராசிரியர் க. கைலாசபதி இங்கிலாந்தின் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் மார்க்சிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்து, 1968இல் தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய தமது நூலை வெளியிட்டார். மில்மன் பரியும் அல்பேட் லோர்டும் யூகோசிலாவிய நாட்டுப் பாடகரிடையே கண்டறிந்த உண்மையை அவர் சங்கப் பாணருக்குப் பொருத்திக் காட்டினார். வாய்மொழிக் கவிஞன் மனனம் செய்து ஒப்புவிப்பவனல்லன். மரபாகக் கையளிக்கப்பட்ட தொடர்களின் களஞ்சியத்தைக் கொண்டு, பாடும் பொழுதிலேயே படைப்பவன். இதுவே அவ்வுண்மை. தவிற்காரரின் சொற்கட்டுகளுக்கும் தீர்மானங்களுக்கும் இதைவிடப் பொருத்தமான விளக்கம் எங்கே உண்டு? இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்த பாணரை விளங்கிக்கொள்ள அருமையான ஒரு கருவியை எம்மவர் ஆக்கித் தந்தார். வீட்டுக்கு அண்மையில், கோயில் வீதியில் வாசித்துக்கொண்டிருந்த பாணருக்கு அக்கருவியைப் பயன்படுத்தும் எண்ணம் எம்மிற் பெரும்பாலோருக்கு எழவில்லை.

ஏன் எழவில்லை? 1960களில் நாட்டார் கலைகளை மீட்கும் இயக்கம் எழுந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962இற் ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றியமை அதன் முதன்மையான படிகளுள் ஒன்று. கூத்தும் நாட்டார் பாடலும் மக்கள் கலைகள் என மதிப்புப் பெற்றன. அது நல்ல காரியமே. மேளமோ இரண்டுக்கும் இடையில் வீழ்ந்தது. சாத்திரிய இசை என்பதனால் முற்போக்காளர் அதனை நிலப்பிரபுத்துவக் கோயிலின் ஆபரணம் என்று ஒதுக்கினர். வீதியில் நின்று வாசிக்கும் சாதித்தொழில் என்பதனாற் சபா இரசிகர் அதனை வாய்ப்பாட்டுக்கு ஒரு படி கீழே வைத்தனர். மேலோர் கண்ணுக்குக் கீழானதும், கீழோருக்காகப் பேசியவர் கண்ணுக்கு மேலானதுமாக அது இருந்தது. ஈழத்துச் சிறுகதையும் நாவலும் சீவல் தொழிலாளியையும் சிகை அலங்கரிப்பாளரையும் தோட்டத் தொழிலாளியையும் கண்டு எழுதிய அளவுக்கு, மேளகாரரைக் கண்டு எழுதவில்லை.

தமிழகத்தில் எழுதப்பட்டனவும் இக்குறையினின்று முற்றாக நீங்கியவையல்ல. கொத்தமங்கலம் சுப்பு எழுதி, 1968இல் ஏ. பி. நாகராஜன் படமாக்கிய ‘தில்லானா மோகனாம்பாள்’ நாதசுரக் கலைஞனைக் கதாநாயகனாக்கியது. மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரரின் வாசிப்பு அப்படத்தின் மூலம் மூலைமுடுக்கெங்கும் பரவியது. ஆயினும் அக்கதையிற் கலைஞனின் மானம் அவனுடைய கோபமாகவே, தனிமனித உரோசமாகவே சித்திரிக்கப்படுகின்றது. ஒரு தொழிற்கூட்டம் முழுவதும் தலைமுறை தலைமுறையாக அனுபவித்த அவமதிப்பு, ஒருவனின் முன்கோபமாகச் சுருங்கிவிடுகின்றது. தி. ஜானகிராமனின் ‘செய்தி’ என்னும் சிறுகதை மிக நுட்பமானது. நாதசுரத்தைக் கேட்கும் மேனாட்டு இசைஞன் ஒருவன் அதில் அமைதியின் செய்தியைக் கண்டடைகின்றான். கலையின் உலகப் பொதுமையை அதைவிட அழகாகச் சொல்லுதல் அரிது. எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அந்நியன் ஒருவன் வந்து கண்ணீர் விட்ட பின்னரே எமது வீதிக்கலையின் பெறுமதியை நாம் உணரவேண்டுமா?

தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் கதை இதற்கு மறுக்கமுடியாத சான்று. 1933இல் இணுவிலில், தவிற்கலைஞர் விசுவலிங்கத்தின் மகனாகப் பிறந்து, அளவெட்டியில் வாழ்ந்து, 1975இல், நாற்பத்திரண்டு வயது நிறையுமுன்னரே மறைந்தவர் அவர். தமிழகத்து முன்னணி நாதசுர வித்துவான்களே அவரைத் தேடி அழைத்து வாசிக்கச் செய்தனர். தென்னிந்தியச் செற்றுகளை அழைப்பதே அந்தஸ்து என்று எமது உபயகாரர் கருதிய காலத்தில், ஈழத்துத் தவில் தாய்நாடு எனப்பட்ட தமிழகத்தையே வியக்கச் செய்தது. தேசிய இலக்கியம் வேண்டுமென்று எமது எழுத்தாளர் வாதிட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், வாதம் எதுவுமின்றி ஒரு தேசியக் கலையை அவர் வீதியில் நின்று நிலைநாட்டிக்கொண்டிருந்தார். அதனை அன்றைய விமர்சனம் உரியவாறு பதிந்ததா? அவரது வாசிப்பில் எமக்கு எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஆர்வலர் ஒலிப்பதிவுசெய்து காத்த நாடாக்களே. அம்ஷன் குமார் அவரைப் பற்றி இயக்கிய ஆவணப்படம், 2015ஆம் ஆண்டுக்கான இந்தியத் தேசிய விருதுகளிற் கலை, பண்பாட்டுப் பிரிவிற் பரிசு பெற்றது. கலைஞர் மறைந்து நாற்பது ஆண்டுகள் சென்றபின், அயல்நாட்டு இயக்குநர் ஒருவர் செய்த பணி அது. அவருக்கு நாம் நன்றி சொல்லவேண்டும். எம்மை நினைத்து வெட்கப்படவும் வேண்டும்.

4

கேட்ட கணத்திலேயே படைத்து வாசிக்கும் தொழிற்கலைஞர் எம்மிடையே மட்டும் இருப்பவரல்லர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசையும் இத்தகையதே. அதன் தொட்டிலாகிய நியூ ஓர்லியன்ஸ் நகரிற் பித்தளை வாத்தியக் குழுக்கள் வீதியிலேயே வாசித்தன. சவ ஊர்வலம் இடுகாட்டுக்குச் செல்லும்போது துயரந் தோய்ந்த மெதுநடை. மீளும்போது துள்ளும் நடை. அங்கும் ஊர்வலமே இசையின் வடிவைத் தீர்மானித்தது. அங்கும் வாசித்தோர் சமூகத்தின் கீழ்ப்படியில் நிறுத்தப்பட்டோரே. அவர்கள் இசைக்கு ஆடியவர் அவர்களோடு சமமாக அமர்ந்து உண்ண மறுத்தனர்.

ஆனால் அங்கே விமர்சனம் வேறு வழியிற் சென்றது. ஆங்கில மார்க்சிய வரலாற்றாசிரியர் எரிக் ஹொப்ஸ்பாம், தொழிலாளர் வரலாற்றை ஆராய்ந்த அதே காலத்தில், பிரான்சிஸ் நியூட்டன் என்னும் புனைபெயரில் வார இதழொன்றில் ஜாஸ் விமர்சனம் எழுதினார். 1959இல் அப்பெயரிலேயே ஜாஸ் உலகம் பற்றிய நூலொன்றையும் வெளியிட்டார். பொதுவுடைமைச் சார்புடைய எக்காளக் கலைஞர் பிராங்கி நியூட்டனிடமிருந்தே அப்பெயரை அவர் எடுத்துக்கொண்டார். கறுப்பின மக்கள் மரத்தில் தூக்கிக் கொல்லப்பட்ட கொடுமையைப் பற்றி 1939இற் பில்லி ஹொலிடே பாடிய புகழ்பெற்ற இசைத்தட்டில் எக்காளம் வாசித்தவர் அந்நியூட்டனே. இசையின் நுட்பத்தோடு மட்டும் நில்லாது, அதனை வாசிப்போர் யார், கேட்போர் யார், இடையில் நின்று இலாபம் பெறுவோர் யார் என்று ஹொப்ஸ்பாம் விசாரித்தார். 1963இல், பின்னர் அமீரி பராக்கா என்று அறியப்பட்ட லீரோய் ஜோன்ஸ், ஓர் அடிமைச் சமூகம் குடிமக்கள் சமூகமாக மாறிய வரலாற்றை அதன் இசையின் வழியாகவே எழுதிக்காட்டினார்.

இத்தகைய விமர்சனம் இருந்தமையாலேயே சில அநீதிகள் இன்றும் நினைவில் உள்ளன. நியூயோர்க் நகரில், மது விற்கும் இராக்கூடங்களில் வாசிப்போர் 1940 முதல் 1967 வரை பொலிசாரிடம் அனுமதி அட்டை பெறவேண்டியிருந்தது. அட்டை பறிக்கப்பட்டால் தொழில் இல்லை. பியானோ மேதை தெலோனியஸ் மங்க் 1951இல் அதனை இழந்து, 1957 வரை அந்நகரின் இராக்கூடங்களில் வாசிக்கமுடியாதிருந்தார். இன்று மங்க்கின் மேதைமையைப் பற்றி எழுதுவோர் அந்த அட்டையைப் பற்றியும் எழுதுகின்றனர்.

எமது மேளக்கலைஞரிடம் பொலிசார் அட்டை கேட்டதில்லை. எழுத்தில் இல்லாத வேறோர் அட்டை அவர்களுக்குண்டு. அது பிறப்பிலேயே கொடுக்கப்படுகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், குடாநாட்டுப் பாடசாலையொன்றில் நாம் கற்பித்த காலத்து நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வருகின்றது. மாணவர் விபரப் படிவங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தோம். தந்தையின் தொழில் என்னும் இடத்தில் ஒரு மாணவன் ‘கூலி’ என்று எழுதியிருந்தான். அவனுடைய தந்தையாரை நாம் அறிவோம். முதல் நாள் இரவுதான், அயலூர்க் கோயில் வீதியில், அவருடைய தவிலைக் கேட்டு இரண்டு மணிநேரம் மெய்மறந்து நின்றிருந்தோம். “தம்பி, அப்பா தவில் வித்துவான் அல்லவா? ஏன் அதை எழுதவில்லை?” என்று தனியே அழைத்துக் கேட்டோம். அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, அப்படி எழுதினால் வகுப்பிற் சாதியைச் சொல்லிக் கூப்பிடுவார்கள் சேர் என்றான். படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டோம். அதற்குமேல் அன்று எம்மால் ஒன்றும் செய்யமுடியவில்லை.

தெய்வீகக் கலை என்று மேடையில் முழங்கும் சமூகத்தில், அக்கலைஞனின் மகன் தந்தையின் தொழிலைச் சொல்ல அஞ்சுகின்றான். கூலி என்பது அவனுக்கு அதைவிடக் கௌரவமான சொல்லாகத் தோன்றுகின்றது. ‘தெய்வீகம்’ என்னும் புகழ்ச்சி யாருக்குப் பயன்படுகின்றது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை. தெய்வத்தின் கருவியாக்கப்பட்டவனுக்கு ஊதியம் பேசும் உரிமை இல்லை. ஆசனம் கேட்கும் உரிமை இல்லை. கோயில் மங்கலத்துக்கு அவன் இன்றியமையாதவன். பந்தியில் அவன் கடைசியானவன். தமிழகத்திலே திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை குடுமியைக் களைந்து, மேற்சட்டை அணிந்து, மேடையில் அமர்ந்து வாசிப்பேன் என்று நின்றதை அகம்பாவம் என்று சிலர் எழுதினர். அதனை ஓர் உழைப்பாளியின் உரிமைக்குரல் என்று கேட்கும் செவி அன்றைய விமர்சனத்துக்கு இருக்கவில்லை.

மேளக்கலைஞரையும் நாம் குறையற்றவராகக் காட்டமுனையவில்லை. தமக்கு மேலே உள்ளோரின் இழிவை அனுபவிப்பவர், தமக்குக் கீழே வைக்கப்பட்ட பறை வாசிப்போரைத் தம் இனக் கலைஞராக ஏற்றுக்கொள்ளத் தயங்கியதும் உண்டு. படிக்கட்டு அமைப்பின் கொடுமையே இது. ஒவ்வொரு படியில் நிற்பவனுக்கும் மிதிப்பதற்கு வேறொரு படியை அது காட்டிவிடுகின்றது.

5

இன்று நிலைமை மாறிவிட்டது. மேளக்கலைஞர் வெளிநாடு சென்று வாசிக்கின்றனர். அவர்களுக்கு என்ன குறை என்று கேட்போர் உளர். இக்கேள்வியைப் புறக்கணிக்க முடியாது.

மாற்றம் உண்மையே. 1990ஆம் ஆண்டின் இராணுவ நடவடிக்கைகளைத் தொடர்ந்து ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுப் பகுதிகளின் மக்களிற் பெருந்தொகையினர் இடம்பெயர்ந்தனர். பலர் கனடா, சுவிற்சர்லாந்து, பிரான்ஸ், இங்கிலாந்து ஆகிய நாடுகளுக்குச் சென்றனர். பிற்காலத்தில் அவர்கள் அனுப்பிய பணத்தினாலே தீவகத்துக் கோயில்கள் கோபுரம் பெற்றன. வீடுகள் பூட்டிக்கிடக்கும் ஊரில், திருவிழா நாள்களில் மட்டும் ஒளிவெள்ளம் பாய்கின்றது. ஒரு திருவிழாவுக்குப் பல செற் மேளங்கள் அழைக்கப்படுகின்றன. பெயர்பெற்ற கலைஞர் சிலருக்கு இதனால் நல்ல வருவாய் உண்டு. அதைக் கண்டு பொறாமைப்படுதல் பண்பன்று. நீண்டகாலக் கடன் சிறிதளவு தீர்க்கப்படுகின்றது என்றே கொள்ளல் வேண்டும்.

ஆயினும் மேலே நிற்கும் ஒருசிலரைக் கொண்டு முழுத்தொழிலையும் அளக்கலாகாது. செற்றுக்குத் தலைவர் அச்சாரம் வாங்கிப் பேசி முடிப்பார். தாளக்காரருக்கும் இளந்தவிற்காரருக்கும் கிடைப்பது அவர் பகிர்ந்து கொடுப்பதே. தொழிலோ பருவத்தொழில். சித்திரை தொடங்கி ஆவணி, புரட்டாதி வரை கோயில்கள் அழைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அழைப்புக் குறையும். மார்கழியில் மணவிழா இல்லை. நோய்க்கும் முதுமைக்கும் ஏற்பாடில்லை. 2020, 2021ஆம் ஆண்டுகளிற் பெருந்தொற்றினாற் திருவிழாக்களும் திருமணங்களும் சுருங்கியபோதும், 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டினாற் போக்குவரத்து முடங்கியபோதும், நாட்சம்பளமும் இல்லாத இத்தொழிலாளரின் அடுக்களையில் என்ன நடந்தது என்று எந்த நத்தத்தனார் பாடினார்?

பணத்தோடு புதிய சுவைகளும் வந்தன. இராகத்தை வளர்க்குமுன்னரே திரைப்பாட்டு வாசிக்கச் சொல்லிக் குரல் எழுகின்றது. ஒலிபெருக்கியின் இரைச்சலில் நுட்பமான கணக்கு மூழ்கிப்போகின்றது. இதனைக் கண்டு மரபுக் காவலர் கலைஞரையே கடிந்துகொள்கின்றனர். இங்கும் ஜாஸ் வரலாறு எமக்குப் பாடமாகும். அக்கலைஞர் மாலையில் நடனக்காரருக்கு வேண்டியதை வாசித்துப் பிழைத்தனர். நள்ளிரவுக்குப் பின் தமக்குள்ளே கூடி வாசித்துப் புதிய இசையைக் கண்டனர். பிழைப்புக்கு வாசிப்பதும் படைப்புக்கு வாசிப்பதும் ஒரே கையினாலேயே நிகழ்கின்றன. திரைப்பாட்டை வாசிக்கும் நாதசுரக்காரரைப் பழிப்பவர், அவர் இராகம் வாசித்தபோது அங்கே கேட்டுக்கொண்டு நின்றாரா என்பதை முதலிற் கூறட்டும்.

6

இனிச் செய்யத்தக்கது யாது? பெருந்திட்டங்களை இங்கு வகுக்க நாம் முற்படவில்லை. ஆசிரியரும் மாணவரும் விமர்சகரும் உடனே செய்யக்கூடிய சிலவற்றை மட்டும் கூறுவோம்.

முதலாவதாக, விமர்சகர் வீதிக்கு வரவேண்டும். சபா மேடையின் அளவுகோலை வீதிக் கலைக்கு வைத்துப் பார்ப்பது பொருந்தாது. ஊர்வலம், நிலை, சமா என்னும் நிலைமைகளிற் கலைஞர் எவ்வாறு தீர்மானம் செய்கின்றார் என்பதை உடனிருந்து கவனித்து எழுதவேண்டும். எந்த இராகம், எவ்வளவு நேரம், எந்த நடை, எந்தக் கணக்கு என்று பெயர்சொல்லி எழுதும் விமர்சனம், ‘தெய்வீகம்’ என்ற ஒரு சொல்லினால் மூடிவிடும் விமர்சனத்தைவிடக் கலைஞருக்குச் செய்யும் மரியாதையாகும். செற்றிலுள்ள ஒவ்வொருவரின் பெயரும் அதில் இடம்பெறவேண்டும், தாளக்காரரின் பெயரும்கூட.

இரண்டாவதாக, உழைப்பைப் பற்றிக் கேட்கத் தயங்கலாகாது. எத்தனை மணிக்குப் புறப்பட்டார், எந்தப் படகில் வந்தார், எங்கே உறங்கினார், எப்போது உண்டார், ஊதியம் எந்நாளிற் கைக்கு வந்தது என்னும் கேள்விகள் கலைக்குப் புறம்பானவையல்ல. இரவு இரண்டு மணிக்கு வாசித்த தோடியின் களைப்பும் தெளிவும் அக்கேள்விகளுக்கான விடைகளோடு பிணைந்துள்ளன.

மூன்றாவது, எமது வகுப்பறைகளைச் சார்ந்தது. சிறுபாணாற்றுப்படையைக் கற்பிக்கும்போது, பாணன் என்றால் யார் என்று மாணவர் கேட்பர். யாழும் பாணனும் மறைந்துபோயினர் என்று சொல்லி அடுத்த அடிக்குச் செல்வதே வழக்கம். அவ்வழக்கத்தை நாம் விட்டுவிடுவோம். பாணன் மறையவில்லை, நேற்றிரவு உங்கள் கோயில் வீதியில் வாசித்தான் என்று சொல்லுவோம். முதிய கலைஞரிடம் மாணவரை அனுப்பி, அவர் கற்ற வரலாற்றையும் வாசித்த ஊர்களையும் எழுதிவரச் செய்வோம். வகுப்புக்கே அவரை அழைத்து, எமது கதிரையில் அமரச்செய்து, நாம் நின்று கேட்போம். அத்தகைய வகுப்பில் இருக்கும் மேளக்கலைஞர் வீட்டுப் பிள்ளை, தந்தையின் தொழில் என்னும் இடத்தில் என்ன எழுதும் என்பதே எமது விமர்சனத்துக்கும் எமது கல்விக்கும் வைக்கப்படும் பரீட்சை.

பழைய ஆற்றுப்படை, பரிசில் பெற்ற பாணன் பரிசில் பெறாத பாணனுக்கு வழிகாட்டும் நூல். அது வள்ளலின் வாயிலுக்கு வழிகாட்டியது. இன்று வேண்டிய ஆற்றுப்படை வள்ளலிடம் செல்லும் வழியைக் காட்டவேண்டியதில்லை. உபயகாரரின் தயவிலும் வெளிநாட்டுப் பணத்தின் பருவத்திலும் தங்கியிராது, உழைப்புக்கேற்ற ஊதியமும் மனிதனுக்குரிய மதிப்பும் பெற்று வாழும் வழியையே அது காட்டவேண்டும். அவ்வழி மேளக்கலைஞரின் ஒற்றுமையினாலும், அவர்களைக் கேட்டு மகிழும் மக்களின் மனச்சாட்சியினாலுமே திறக்கப்படும். அந்த மனச்சாட்சியைத் தட்டியெழுப்பும் கடமை எழுதுவோரைச் சார்ந்தது. வரும் ஆனி மாதத்திலேயே, குறிகட்டுவான் துறையில், உறையிட்ட தவிலோடு காத்திருப்பவரின் அருகில் அமர்ந்து அக்கடமையை நாம் தொடங்கலாம்.